பயோஸ் மாத்தப் போற பேராண்டிக்கு

இன்னாடா பேராண்டி, பயோஸ் மாத்தப் போறியாமே! உங்க ஆயா சொன்னா. "புள்ள ராவும் பகலும் முழிச்சிக்கினு கீறான், லேப்டாப்பு சிடி போட்டா எழுந்திருக்க மாட்டேங்குதாம், உள்ளார கீற மூளையவே மாத்தப் போறானாம்"னு கண்ணைக் கசக்கிக்கினா. "மூளை மாத்தறது நல்ல காரியந்தான், ஆனா லேப்டாப்புலேர்ந்து எதுக்கு ஆரம்பிக்கிறான்"னு கேட்டேன். கோச்சிக்காதே. குந்து. மோரைக் குடி.

எனக்கு இன்னா தெரியும்? ஏரித் தண்ணி பாய்ச்சி நாத்து நட்டவன். அப்பால அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்டினவன். நீ இன்ஜினீரு. செமஸ்டருக்குச் செமஸ்டர் உங்கப்பன் ஃபீஸ் கட்டி, அரியருக்குத் தனியா கட்டி, வாங்கின பட்டம். உன் முன்னாடி நான் வாய் தொறக்கக் கூடாது. ஆனா ரிட்டயரானதுலேர்ந்து ஆவடி மார்க்கெட்டுல உன் சித்தப்பன் சர்வீஸ் கடையில கல்லாப் பக்கம் குந்திக்கினு, வர்ற லேப்டாப்பையும் அதைத் தூக்கிக்கினு வர்ற மூஞ்சியையும் பாத்துக்கினே கீறேன். லேப்டாப்பு பத்தி கொஞ்சம் கத்துக்கினேன். மூஞ்சி பத்தி நெறைய கத்துக்கினேன். "அண்ணே, பயோஸ் கரப்ட் ஆயிடுச்சு"ன்னு சொல்லிக்கினே உள்ள வர்றான் பாரு, அவன் மூஞ்சி தனி. அதுல கவலையே இருக்காது, ஒரு பெருமை இருக்கும். டிவிடியில தூசின்னா எவன் கேப்பான்? பயோஸ்னா நாலு பேர் திரும்பிப் பாப்பான்.

எடு அந்த டப்பாவை. ஆகா, உங்க அக்காவுக்கு பிளஸ் டூவுல கவருமெண்டு குடுத்தது. மூடியில அப்ப சி.எம்.மா இருந்த அம்மா படம் பாதி தேஞ்சு போச்சு. இந்த இலவச லேப்டாப்புத் திட்டம் எங்க ஆரம்பிச்சது, தெரியுமா? தோ, நம்ம திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல. 2011 செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு. மிக்சி, கிரைண்டர், ஃபேன், லேப்டாப்பு, எல்லாம் ஒரே மேடையில. கவருமெண்டோட எல்காட் கம்பெனி டெண்டர் வுட்டு வாங்கி, வருஷா வருஷம் குடுத்து, அம்பது லட்சத்தைத் தாண்டிப் போச்சு. அப்பால நின்னுபோச்சு. மறுபடி 2025 பட்ஜெட்டுல காலேஜ் புள்ளைங்க 20 லட்சம் பேருக்குத் தர்றோம்னு அறிவிச்சாங்க. நீ காலேஜை முடிச்சிட்டு வந்து வூட்ல குந்தினப்புறம் அறிவிச்சாங்க. உன் ஜாதகம் அப்படி.

உங்க அக்கா டப்பாவுல ரெண்டு சிஸ்டம் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ், நம்ம சென்னை சி-டாக்குல செஞ்சது. அந்த ஸ்டார்ட்டர் இருக்குதே, அதுல திரையில கீற படத்தைக்கூட மாத்த முடியாது. அது மைக்ரோசாஃப்ட்டு போட்ட கட்டுப்பாடு, கவருமெண்டு போட்டதுல்ல. ஆனா ஊருக்குள்ள யார் நம்பினான்? மூடிப் படத்தையும் மாத்த வுட மாட்டேங்கிறாங்க, உள்படத்தையும் மாத்த வுட மாட்டேங்கிறாங்கன்னு டீக்கடையில அரசியல் பேசினான். 2020 ஜனவரி 14-ஓட அந்த விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட்டு கை கழுவிடுச்சு. பாஸ் லினக்ஸு இன்னா ஆச்சுன்னு கேக்கறியா? அந்தக் கதைக்கு அப்பால வர்றேன். அதுல நீயும் ஒரு ஆளு.

இப்ப விஷயத்துக்கு வா. இன்னா நடக்குது? பட்டனை அமுக்கினா கம்பெனி லோகோ வருதா? வருது. எஃப்2 அமுக்கினா நீலத் திரை தொறக்குதா? தொறக்குது. தேதி, மெமரி, ஹார்ட் டிஸ்க்கு பேரு எல்லாம் காட்டுதா? காட்டுது. லினக்ஸு ஏத்த டிவிடி போட்டா மட்டும் சுர்ருனு சுத்திட்டு, பழைய விண்டோஸுக்கே போயிடுது. பென் டிரைவ் குத்தினாலும் அதே கதை. அவ்ளோதானே?

அப்ப பயோஸ் உசுரோட கீதுடா! உனக்கு நீலத் திரை காட்டினது யாரு, உங்க ஆயாவா? மதர்போர்டுல எட்டுக் கால் சில்லு ஒண்ணு கீது, சுண்டு விரல் நகத்துல பாதி. பட்டனை அமுக்கினதும் பிராசசர் மொத மொத படிக்கிறது அதுல எழுதி வெச்சிருக்கிறதைத்தான். அதுக்குப் பேருதான் பயோஸ். அதுதான் மெமரிய எழுப்புது, கீபோர்டு கீதா, டிஸ்க்கு கீதான்னு தடவிப் பாக்குது, அப்பால நீ போட்டுக் குடுத்த வரிசைப்படி ஒவ்வொருத்தன் கதவையும் தட்டி "உன்கிட்ட சிஸ்டம் கீதா"ன்னு கேக்குது. டிவிடிகிட்ட கேட்டுச்சு, பதில் வரல. பென் டிரைவ்கிட்ட கேட்டுச்சு, பதில் வரல. ஹார்ட் டிஸ்க்கு பதில் சொல்லிச்சு, போயிட்டுது. கேட்டவன் மேல தப்பா, வாயத் தொறக்காதவன் மேல தப்பா?

பம்புசெட்டு ஓடுது, தண்ணி வரலைன்னா, நாங்க மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். மொதல்ல கெணத்துக்குள்ள எறங்கி ஃபுட் வால்வைப் பாப்போம். ஒரு தவளை மாட்டிக்கினு இருக்கும், இல்ல ஒரு கிழிஞ்ச துணி. நீ இறங்கணும், நனையணும், அதான் உனக்குக் கஷ்டம். மோட்டாரைப் பிரிக்கிறது கரையில குந்திக்கினு செய்யிற வேலை, பாக்கிறவனுக்கும் பெருசாத் தெரியும்.

சரி, எறங்கலாம் வா. இந்த டிவிடிய எப்படிப் பண்ண? ஐஎஸ்ஓ ஃபைலை இழுத்து டிவிடிக்குள்ள போட்டு "பர்ன்" அமுக்கினியா? எங்க, அந்த டிவிடிய வேற கம்ப்யூட்டர்ல போடு. தொறந்து பாரு. உள்ளார ஒரே ஒரு ஃபைலு, ஐஎஸ்ஓன்னு முடியிது. சிரிக்கட்டுமா வேணாமா? அந்த ஃபைலைப் பிரிச்சு எழுதியிருந்தா உள்ள பத்து ஃபோல்டர் தெரியணும். பூட் ஆகுற டிவிடியில எங்கேர்ந்து கிளம்பணும்னு சொல்ல ஒரு குறிப்பு இருக்கணும். அதுக்கு 1995-ல பீனிக்ஸ் கம்பெனியும் ஐபிஎம்மும் சேர்ந்து ஒரு விதி எழுதினாங்க. பேரு எல் டோரிட்டோ. கலிஃபோர்னியாவுல கீற ஒரு மெக்சிகன் ஓட்டல் பேரு அது. அங்க குந்தி சாப்டுக்கினே பேசினதால அந்தப் பேரை வெச்சுட்டாங்களாம். அம்பத்தூர் ஓ.டி.யில குந்திப் பேசியிருந்தா உலகம் பூரா நம்ம புரோட்டாக் கடை பேரைச் சொல்லிக்கினு இருக்கும். அதிர்ஷ்டம் இல்ல.

ரெண்டாவது டிவிடி சரியாத்தான் எழுதியிருக்கே. அப்ப லென்ஸைப் பாரு. உங்க அக்கா கல்யாணமாகிப் போனதுலேர்ந்து அந்த டிரைவை யாரும் தொறக்கல. தோ, தொறந்தா ஒரு எறும்புக் குடும்பமே வெளிய வருது. "தாத்தா, அதே டிரைவ்ல பாட்டு சிடி பாடுதே"ங்கிற. பாடும்டா. சிடி படிக்கிற லேசர் வேற, டிவிடி படிக்கிற லேசர் வேற. ஒண்ணு 780 நானோமீட்டர், இன்னொண்ணு 650. ரெண்டும் ஒரே லென்ஸுக்குப் பின்னாடி குந்திக்கினு கீது. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பாட்டுப் பாடிக்கினு இருக்கும். அதனால சிடி பாடிடுச்சுன்னு டிரைவுக்கு நற்சான்று குடுக்காதே. பத்து ரூபா டிவிடியில அதிவேகத்துல எழுதினதையும் நம்பாதே. மெதுவா எழுது. ஆவடி வெயில்ல ஜன்னலோரம் காய வெச்ச டிவிடியையும் நம்பாதே, அந்தச் சாயம் வெளுத்துடும்.

பென் டிரைவ் கதை இன்னும் பெருசு. அதுலயும் ஃபைலைச் சொம்மா காப்பி பண்ணா ஆகாது. ரூஃபஸோ வெண்டாயோ வெச்சு எழுதணும். எழுதறதுக்கு முன்னாடி எறக்கின ஃபைல் முழுசா எறங்கிச்சான்னு தளத்துல போட்டிருக்கிற ஷா-256 கணக்கை ஒப்பிட்டுப் பாக்கணும். பாத்தியா? பாக்கல. "அதெல்லாம் எவன் பாப்பான்"ங்கிற. பயோஸைப் பிரிச்சு மேய நேரம் இருக்குது, ரெண்டு வரிய ஒப்பிட்டுப் பாக்க நேரம் இல்ல.

அப்பால, ரூஃபஸ் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுச்சே, எம்பிஆரா ஜிபிடியான்னு? நீ கண்ணை மூடிக்கினு ஜிபிடி குடுத்திருப்பே. புதுசு எப்பவும் நல்லதுன்னு. இந்த டப்பா பழைய பயோஸ் முறையில குடுத்தது. ஸ்டார்ட்டர் 32 பிட்டு, எம்பிஆர் டிஸ்க்கு. யூஇஎஃப்ஐங்கிற புது முறைக்கு மட்டும்னு எழுதின பென் டிரைவை அது பாக்கவே பாக்காது. எதிர்ல நின்னாலும் யாரோன்னு போயிடும். இன்னொரு பக்கம், இதைவிட ஒண்ணு ரெண்டு வருஷம் புதுசான லேப்டாப்புல செக்யூர் பூட்டுன்னு ஒரு காவக்காரன் கீறான். 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப கூட வந்தான். கையெழுத்து இல்லாத சிஸ்டம்னா வாசல்லயே நிறுத்திடுவான். அங்க அவனை அணைக்கணும். இங்க அவனே கிடையாது. எந்த டப்பாவுக்கு எந்த மந்திரம்னு தெரியாம யாரோ எழுதினதை அப்படியே அடிக்கிறே.

32 பிட்டு, 64 பிட்டுலயும் ஏமாறாதே. விண்டோஸ் 32 பிட்டுன்னா மிஷினும் 32 பிட்டுன்னு இல்ல. ஸ்டார்ட்டர் 32 பிட்டுல மட்டுந்தான் வந்துச்சு, அதனால குடுத்தாங்க. பிராசசர் பேரைப் பாத்துட்டு 64 தாங்குமான்னு முடிவு பண்ணு. தாங்கலைன்னா இப்ப பேஜாரு. லினக்ஸுல உபுண்டு 32 பிட்டு டிவிடி போடறதை எப்பவோ நிறுத்திடுச்சு. டெபியனும் 2025 ஆகஸ்ட்ல வந்த 13-ஆம் பதிப்புலேர்ந்து அந்த இன்ஸ்டாலரை எடுத்துடுச்சு. 12-ஆம் பதிப்பைத் தேடிப் புடிக்கணும்.

இதெல்லாம் சரியா இருந்து, பூட் வரிசையில டிவிடிய மேல வெச்சு சேவ் பண்ணியும், மறுநாள் பாத்தா பழைய வரிசைக்கே வந்துடுதா? தேதி எத்தினி காட்டுது, சொல்லு. 2009 ஜனவரி ஒண்ணா? ஏண்டா, உங்க அக்காவுக்கு லேப்டாப்பு குடுத்ததே அதுக்கு அப்பாலதானே! சிஆர்2032-ன்னு ஒரு பட்டன் பேட்டரி உள்ளார கீது. பன்னெண்டு பதிமூணு வருஷமா அது ஒண்டியா கடிகாரத்தைத் தூக்கிக்கினு நின்னுச்சு, இப்ப செத்துப்போச்சு. சில பழைய போர்டுல அது செத்தா நீ சொன்ன வரிசையும் கூடவே மறந்துடும். வாட்சு கடையில கிடைக்கும், டீ ரெண்டு குடிக்கிற காசு. தேதி தப்பா இருந்தா இன்னொரு கூத்தும் நடக்கும். சிஸ்டம் ஏறினப்புறம் பாதுகாப்பான தளம் எதுவும் தொறக்காது, சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லைன்னு சொல்லும். அப்ப நெட்டு போயிடுச்சுன்னு ரௌட்டரை அடிப்பே.

இவ்ளோ தூரம் வந்தும் ஆகலைன்னா, சரி, பயோஸ் மேலயும் ஒரு சந்தேகம் வரலாம். அந்தச் சாத்தியமே இல்லைன்னு நான் சொல்லல. 2017 அக்டோபர்ல உபுண்டு 17.10 வந்துச்சு. அதுல இன்டெல் எஸ்பிஐ டிரைவர்னு ஒண்ணைத் தெரியாத்தனமா தொறந்து வுட்டுட்டாங்க. லெனோவாவுல சில மாடலுங்க, ஜி50, ஒய்50, பி50 அப்படின்னு வரிசையா, ஏத்தினவன் வூட்டுலயெல்லாம் பயோஸ் பூட்டிக்கினுச்சு. செட்டிங் தொறக்கும், மாத்தலாம், சேவ் ஆகாது. யூஎஸ்பியிலேர்ந்து எழுந்திருக்காது. நீ சொல்ற அதே நோய், அச்சு அசலா. டிசம்பர்ல அந்த டவுன்லோடையே எடுத்துட்டாங்க, 2018 ஜனவரியில திருத்தி வெளியிட்டாங்க. அப்ப எத்தினி பேரு சில்லைக் கழட்ட ஓடியிருப்பான்! கடைசியில மருந்து இன்னா தெரியுமா? டிஸ்க்குல ஏற்கனவே இருந்த லினக்ஸுல திருத்தின கெர்னலை ஏத்தி, ஒரு தடவை கிளப்பி, மறுபடி ரீஸ்டார்ட்டு பண்ணா பூட்டு தொறந்துக்கும். ஒரு ஸ்க்ரூகூட கழட்ட வேணாம். அவசரப்பட்டு டிஸ்க்கை அழிச்சவனுக்கு மட்டும் அந்த மருந்தை ஊட்ட வாய் இல்லாம போச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு கதை கீது. 1999 ஏப்ரல் 26. சிஐஎச்-னு ஒரு வைரஸ், தைவான் காலேஜ் பையன் ஒருத்தன் எழுதினது. செர்னோபில்னும் சொல்வாங்க, அந்த அணு உலை வெடிச்ச தேதியும் அதுதான். கம்ப்யூட்டரைப் போட்டவுடனே ஹார்ட் டிஸ்க்குல குப்பைய எழுதும், பயோஸ் சில்லுலயும் எழுதப் பாக்கும். அப்ப சில்லைச் சாக்கெட்டுல செருகி வெச்சிருப்பாங்க, நெம்பி எடுத்து வேறத மாட்டலாம். இப்ப சாலிட்ரிங் வெச்சு ஒட்டிட்டானுங்க. அதை நெம்பினா போர்டுல கீற தாமிரக் கோடும் கூடவே வரும்.

சரி, உனக்கு ஆசை. எரியிற ஆசையை நான் எதுக்குக் கெடுக்கணும்? பயோஸ் ஏத்தியே தீருவேன்னா, இப்படிப் பண்ணு.

மொதல்ல அந்த ஃபைலு. நீ எறக்கி வெச்சிருக்கிறது இந்த போர்டோடதா? மாடல் பேரு ஒண்ணா இருந்தா போதும்னு நெனச்சிக்காதே. வருஷத்துக்கு வருஷம் டெண்டர், தொகுதிக்குத் தொகுதி போர்டு. அடியில கீற ஸ்டிக்கரையும், கழட்டினா போர்டுல அச்சடிச்சிருக்கிற நம்பரையும் படி. படிக்கக் கண்ணு தெரியலைன்னா என் கண்ணாடி தர்றேன். கம்பெனி வெளியிட்ட குறிப்புல "டிவிடி பூட்டு சரி பண்ணோம், யூஎஸ்பி பூட்டு சரி பண்ணோம்"னு ஒரு வரி இருந்தா ஏத்தறதுல அர்த்தம் கீது. இல்லைன்னா எந்த நோய்க்கு அந்த ஊசி?

அப்பால கரண்டு. மாசத்துல ஒரு நாள் ஈபிக்காரன் பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணிக்கு நிறுத்துவான், ரெண்டு மணிக்குக் குடுப்பான். பேப்பர்ல ஏரியா பேரோட போட்டிருப்பான். அதைப் படிக்காம ஒன்பதேகால் வரைக்கும் தூங்கிட்டு எழுந்து அப்டேட்டு ஆரம்பிக்காதே. "பேட்டரி இல்லாம ஏத்த மாட்டேங்குது தாத்தா, அந்தச் சோதனைய தாண்டறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன்"னு வேற சொல்றே. உன் நல்லதுக்குத்தாண்டா அந்தச் சோதனைய வெச்சான். சில்லை அழிச்சிட்டு எழுதற நேரத்துல கரண்டு போனா பாதி எழுத்துல நிக்கும். அப்ப லோகோவும் இல்ல, நீலத் திரையும் இல்ல, ஃபேன் மட்டும் சுத்தும். இப்ப உன்கிட்ட கீறது டிவிடி பூட் ஆகாத லேப்டாப்பு. அப்ப உன்கிட்ட இருக்கப்போறது காய்கறி நறுக்கற பலகை. நல்ல பேட்டரி ஒண்ணைச் சித்தப்பன்கிட்ட கடன் வாங்கு, இல்ல யூபிஎஸ் கீற வூடா பாத்துப் போ.

பாதியில நின்னாலும் ஒடனே ஒப்பாரி வேணாம். பல கம்பெனி லேப்டாப்புல ஒரு ரகசிய வாசல் வெச்சிருப்பான். பென் டிரைவை ஃபேட் 32-ல ஃபார்மேட்டு பண்ணி, அவன் சொல்ற பேருல பயோஸ் ஃபைலைப் போட்டு, ரெண்டு கீயைச் சேர்த்து அமுக்கிக்கினே பவர் பட்டனை அமுக்கினா, மிச்சம் கீற துண்டு முழிச்சிக்கினு அந்த ஃபைலைத் தானே எடுத்து எழுதிக்கும். சிலதுல எஃப்என்-னோட பி, சிலதுல எஃப்என்-னோட ஆர், சிலதுல விண்டோஸ் கீயோட பி. அந்த ஃபைல் பேருல ஒரு எழுத்து பெசகினாலும் கண்டுக்காது. இதையெல்லாம் மிஷின் நல்லா இருக்கிறப்பவே படிச்சு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிக்கோ. செத்தப்புறம் எந்தத் திரையில படிப்பே?

அதுவும் ஆகலைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டு. ஆவடியில மின்சார ரயில் ஏறு, சென்ட்ரல்ல எறங்கு, நடந்து போ, உடம்புக்கு நல்லது. சிஎச்341ஏ-ன்னு கேளு, கூடவே எட்டுக் கால் கிளிப்பும் கேளு. சில நூறு ரூபாதான். உன் சித்தப்பன் அதை வெச்சு வேலை செய்யிறதை நான் பாத்திருக்கேன். சார்ஜரைக் கழட்டுவான், பெரிய பேட்டரியக் கழட்டுவான், பட்டன் பேட்டரியையும் கழட்டுவான். அப்பால டார்ச்சை வாயில கவ்விக்கினு, பூதக்கண்ணாடியில அந்தச் சில்லு மேல கீற எழுத்தைப் படிப்பான். ஒரு மூலையில புள்ளி ஒண்ணு இருக்கும். அதுதான் ஒண்ணாம் நம்பர் கால். கிளிப்போட செவப்புக் கம்பி அந்தப் பக்கம் வரணும். திருப்பி மாட்டினா சில்லு சுடும், புகை வந்தா அது ஊதுபத்தி இல்ல.

எழுத்தை ஏன் அப்படி உத்துப் பாக்குறான்னு கேட்டேன். வின்பாண்டு 25க்யூ64-ன்னு இருக்கும், அதுக்குப் பின்னால வர்ற ரெண்டு எழுத்துதான் தலையெழுத்து. எஃப்வி-ன்னா 3.3 வோல்ட்டு. எஃப்டபிள்யூ-ன்னா 1.8. அந்த சின்ன வோல்ட்டு சில்லுக்கு நடுவுல ஒரு அடாப்டர் போடணும், நேராக் குடுத்தா கருகிடும். போதாக்குறைக்கு, மார்க்கெட்டுல கிடைக்கிற அந்தக் கறுப்பு பலகையில டேட்டா கம்பியில அஞ்சு வோல்ட்டு வர்ற சமாச்சாரமும் கீது. தெரிஞ்சவன் அதைத் திருத்திக்கினு வேலை செய்வான்.

அப்பால அவன் எழுத மாட்டான். படிப்பான். உள்ளார கீறதை அப்படியே ஒரு ஃபைலா எடுத்து வெப்பான். மறுபடியும் படிப்பான். ரெண்டையும் ஒப்பிடுவான். ஒரே ஒரு பைட்டு வித்தியாசம் இருந்தாலும் கிளிப்பை எடுத்துட்டு, கால்களைத் தொடைச்சு, மறுபடி மாட்டுவான். 64-ன்னா 64 மெகாபிட்டு, எட்டு மெகாபைட்டு. ஃபைலு சரியா 83,88,608 பைட்டு இருக்கணும். கம்பெனி தளத்துலேர்ந்து நீ எறக்கின ஃபைலு அந்த அளவுல இருக்கா? இல்லல்ல? அதுல அப்டேட்டு பண்ற புரோகிராமும் மேல்கட்டும் சேர்ந்து கீது. அதை அப்படியே சில்லுல எழுதறவனும் உண்டு. அப்பால "சைனா சாமான், சரியில்ல"ன்னு கிளிப்பைத் திட்டுவான். அதுக்கு மேல இன்னொண்ணு, அந்தச் சில்லுக்குள்ள உன் மிஷினோட சீரியல் நம்பரு, சிலதுல நெட்வொர்க்கு முகவரி, எல்லாம் எழுதியிருக்கும். அடுத்தவன் மிஷின்லேர்ந்து எடுத்த ஃபைலைப் போட்டா உன் லேப்டாப்பு அவன் பேருல பொழைக்கும்.

போன வாரம்கூட ஒருத்தன் வந்தான். ஆஃபீசுல கழிச்சுக் கட்டின திங்க்பேடை செகண்ட் ஹேண்டுல வாங்கியிருக்கான், பயோஸுல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. "பட்டன் பேட்டரிய கழட்டினா போயிடுமாமே அண்ணே"ன்னான். திங்க்பேடுல அந்தப் பாஸ்வேர்டு தனிச் சில்லுல கீது, பேட்டரிய ஒரு வருஷம் கழட்டி வெச்சாலும் மறக்காது. வாங்கறப்பவே எஃப்1 அமுக்கிப் பாத்திருக்கணும். விலை பேசறப்ப மூடியத் தட்டித் தட்டிப் பாத்தானாம். தேங்காயா வாங்கினான்?

என்னடா, மூஞ்சி சுருங்கிப் போச்சு? சரி, ஒரு விஷயம் கேக்கறேன். உனக்கு வேணுங்கிறது இன்னா? டிவிடி பூட் ஆகணுமா, இல்ல இந்த டப்பாவுல லினக்ஸு ஓடணுமா? ரெண்டும் ஒண்ணு இல்ல. நீ ஒரு வாரமா மொத காரியத்தைப் புடிச்சிக்கினு தொங்கறே.

இந்த டப்பா ஹார்ட் டிஸ்க்குலேர்ந்து நல்லா எழுந்திருக்குது. அப்ப டிஸ்க்கைக் கழட்டு. அடியில மூடி, அதுக்குள்ள சில ஸ்க்ரூ, சாட்டா டிஸ்க்கு, இழுத்தா வந்துடும். அதைச் சித்தப்பன் கடையில பழைய மோடுல பூட் ஆகுற ஒரு லேப்டாப்புல மாட்டு. அதோட சொந்த டிஸ்க்கை வெளிய எடுத்து வெச்சிடு, இல்லாட்டி லினக்ஸைக் கிளப்பி வுடற கிரப் போய் அதுல குந்திக்கும், உனக்கும் சித்தப்பனுக்கும் அடிதடி ஆயிடும். அங்க டிவிடியோ பென் டிரைவோ போட்டு லினக்ஸை ஏத்து. முடிச்சதும் டிஸ்க்கைக் கொணாந்து இதுல மாட்டு, பட்டனை அமுக்கு. லினக்ஸு வேற மிஷினுக்குப் போனா விண்டோஸ் அளவுக்கு மொறைக்காது. டிரைவருங்க பாதிக்கு மேல கெர்னலோடவே வருது, டிஸ்க்கைப் பேரு சொல்லாம யூயூஐடி நம்பரு சொல்லித்தான் தேடுது. காசு இருந்தா அந்தக் கையிலயே பழைய டிஸ்க்குக்குப் பதிலா ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டுடு. ரெண்டு ஜிபி ராம்தான், ஆனாலும் எழுந்து ஓடும். லேசான டெஸ்க்டாப்பா பாத்து ஏத்து, அழகுக்கு ஆசைப்படாதே.

அதைவிடச் சுலுவா ஒரு வழி இருந்துச்சு. அந்த பாஸ் லினக்ஸு சொன்னேனே. அது டிஸ்க்குல இருந்திருந்தா அதோட கிரப்பும் இருந்திருக்கும். ஐஎஸ்ஓ ஃபைலை ஒரு பார்ட்டிஷன்ல போட்டு, கிரப்புல நாலு வரி எழுதினா, டிவிடியும் வேணாம், பென் டிரைவும் வேணாம், ஃபைலுக்குள்ளேர்ந்தே நேரா இன்ஸ்டாலர் கிளம்பும். ஆனா லேப்டாப்பு வூட்டுக்கு வந்த மொத வாரமே, உங்க அக்கா ட்யூஷன் போன நேரமா பாத்து, "இது எதுக்கு இடத்தை அடைச்சிக்கினு"ன்னு பாஸை அழிச்சிட்டு வைஸ் சிட்டி ஏத்தினது எவன்? பத்து வயசுல உனக்கு இருந்த அறிவைப் பாத்து உங்கப்பன் "புள்ள பெரிய கம்ப்யூட்டர் இன்ஜினீரா வருவான்"னான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இத்தினி செமஸ்டர் ஃபீஸ்.

ஸ்க்ரூ டிரைவரு கல்லாவுக்குக் கீழ டப்பாவுல கீது, சின்ன ஸ்டாரு. ஸ்க்ரூங்களைத் தரையில வெக்காதே, கிண்ணத்துல போடு. உன் சித்தப்பன் மத்தியானம் பூந்தமல்லிக்கு சாமான் வாங்கப் போறான், திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடு. அவன் வந்து கேட்டா பயோஸ் மாத்தினேன்னே சொல்லிக்கோ, நான் காட்டிக் குடுக்க மாட்டேன். டிஸ்க்கைக் கழட்டி மாட்டற விஷயத்தை மட்டும் வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் நான் சொல்லிக் குடுக்கிறதா அவனுக்கு ஏற்கனவே கோவம். அதுக்கு அவன் வாங்கற சர்வீஸ் சார்ஜு எத்தினின்னு மட்டும் என்னைக் கேக்காதே.